பாய்மரத்துக்குக் கோத்த நூல்கட்டைகள்

தம்பி,

உன் கடிதம் வந்தபோது ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். பாதியில் மெஷினை நிறுத்தினால் நூல் சிக்கிக்கொள்ளும், எனவே கையை முடித்துவிட்டுத்தான் உறையைப் பிரித்தேன். நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். உன் கல்யாணத்துக்கு வேண்டிய புடவைகள் எல்லாம் வந்துவிட்டன. பெண்ணுக்கு ரவிக்கை அளவுதான் இன்னும் வரவில்லை. உன் மாமியாரைக் கேட்டால், "சும்மா ஒரு குத்துமதிப்பா தைங்க சம்பந்தி" என்கிறார். குத்துமதிப்பாய்த் தைக்க நான் என்ன அரிசிக் கோணியா தைக்கிறேன்? அளவு ரவிக்கை ஒன்றை உடனே அனுப்பச் சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணம் முடிந்ததும் நானும் அப்பாவும் காஜா பெராங் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோலாலம்பூருக்கு வந்து உன்னோடு குவார்ட்டர்ஸில் இருக்க வேண்டும் என்கிறாய். கிளேபாங் கரையில் கிடக்கும் படகை விற்றுவிட வேண்டும் என்கிறாய். உன் ஆபீஸில் யாரோ ஒருவருடைய அண்ணன் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறாராம். "ஒரு கையை வைத்துக்கொண்டு அப்பா கடலுக்குப் போவதை நினைத்தால் எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. நான் சொன்னால் அப்பா கேட்கமாட்டார். நீங்கள்தான் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும்" என்று எழுதி, கீழே கோடு வேறு போட்டிருக்கிறாய். இதற்கு ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். எழுதினால் நீ அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து வாசலில் நிற்பாய். அதனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்லப்போகிறேன், பொறுமையாய்ப் படி.

ரப்பர் கிடங்கில் உருளைகளுக்கு நடுவே அப்பாவின் இடது கை மாட்டிக்கொண்டபோது நீ ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தாய், அழுதாய், பரீட்சைக்குத் திரும்பிப் போனாய். அதற்குப் பிறகு நடந்தது எதையும் நீ பார்க்கவில்லை, நாங்களும் எழுதவில்லை. கை என்னவோ தோளிலிருந்து தொங்குகிறது. விரல் மூடும், பிடி நிற்காது. கிடங்கில் அவரை கேட் அருகே உட்காரவைத்தார்கள். லோரி வந்தால் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். அதுவோ கனத்த இரும்பு கேட், ஒரு கையால் அசையாது. அதைத் திறக்க உள்ளேயிருந்து வேறொருவர் வருவார். ஆக, உன் அப்பாவின் உத்தியோகம் கேட் திறக்கிறவரைக் கூப்பிடுவது. இதைச் சொல்லி அவரே சிரிப்பார். சிரித்துவிட்டுத் தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போவார்.

எதிர்வரிசை மாணிக்கம் அண்ணனை உனக்குத் தெரியும், கம்போங் செட்டிக்காரர், பல தலைமுறையாய் இந்த மண்ணிலேயே ஊறிய வம்சம். நெற்றி நிறையத் திருநீறு, நாக்கு நிறைய மலாய். நம் சாமியைத்தான் கும்பிடுகிறார், தமிழ்தான் நாலு வார்த்தைக்கு மேல் வராது. கிளேபாங்கில் அவருக்கு ஒரு பழைய பாய்மரப் படகு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுக்கான் பக்கம் உட்காரவைத்திருக்கிறார். சுக்கானுக்கு ஒரு கை போதும். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த மனுஷன் குளித்துவிட்டு உட்கார்ந்து, நான் கேட்காமலே மறுசோறு போட்டுக்கொண்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பசாரில், "தமிழனுக்கு எதுக்குங்க பாய்மரம்?" என்று கேட்டவர்கள் உண்டு. "தூண்டில் போடுறவன் மலாய்க்காரனா தமிழனான்னு பாத்துட்டா மீன் கடிக்குது?" என்று திருப்பிக் கேட்டேன்.

பிறகு மாணிக்கம் அண்ணனுக்கு முட்டி மடங்காமல் போயிற்று. "நீங்க வச்சு ஓட்டுங்க" என்று படகை அப்பாவிடமே விட்டுவிட்டார். அப்பா தனியாகப் போக ஆரம்பித்தார். தொல்லை அங்கேதான் தொடங்கியது. பெரிய பாயை ஏற்றுவது அவருக்குக் கஷ்டமில்லை. கயிற்றை இழுப்பார், பல்லால் கடித்துக்கொள்வார், மறுபடி இழுப்பார், கடைசியில் கட்டையில் சுற்றிவிடுவார். இறக்குவதுதான் பாடு. பாயின் ஓரத்தைப் பாய்மரத்தோடு சேர்த்துக் கயிற்று வளையங்களால் கட்டியிருப்பார்கள். ஈரம் பட்டால் அந்த வளையங்கள் மரத்தைக் கவ்விக்கொள்ளும். மேலே ஏற்றிய கயிற்றை ஒரு கையால் விட்டுக்கொண்டே, இன்னொரு கையால் பாயைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும். அந்த இன்னொரு கைக்கு அவர் எங்கே போவார்? காலை நேரத்தில் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று காற்று கிளம்பும், நீயும் பார்த்திருக்கிறாய். அப்படி ஒரு காற்றில் பாய் இறங்காமல் மாட்டிக்கொண்டு, படகு இஷ்டத்துக்கு இழுபட்டுச் சேற்றுக்கரையில் போய்ச் செருகிவிட்டது. மலாய் மீனவர்கள் இரண்டு பேர் அவரைத் தாங்கிப்பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். தலையிலிருந்து கால்வரை சேறு, உதட்டில் ரத்தம். "இனிமே நீங்க கடலுக்குப் போகவேணாம்," என்றேன். "சரி," என்றார். அவ்வளவுதான், வாக்குவாதமே இல்லை. உன் அப்பா சரி என்று சொன்னால் வீடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. நீ அவரிடம் சைக்கிள் கேட்டு, கால்சட்டை கேட்டு, மாட்டேன் என்ற பதிலைத்தான் வாங்கியிருக்கிறாய்.

அது மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். ஊரெல்லாம் கொடி கேட்டார்கள். கடைக்காரர்கள் கேட்டார்கள், பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், லோரியின் முன்னால் கட்டவும் கேட்டார்கள். சிவப்புக் கோடு, வெள்ளைக் கோடு, மறுபடி சிவப்பு. கண்ணை மூடினாலும் கோடுகள்தான் ஓடின. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா முகம் மழித்து, சட்டை மாட்டி, மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். நான் ஒவ்வொரு கோடாய்த் தைத்து முடிக்க, தொங்கும் நூலை வெட்டித் தருவார். வெட்டிய நூலையும் கீழே போடமாட்டார், பொறுக்கி ஒரு பக்கம் வைப்பார். குறை சொல்ல இடமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. ஒரு நாள் கத்திவிட்டேன். "என்னங்க இது, எழவு வீட்டுல உக்காந்த மாதிரி!" அவர் நிமிர்ந்து பார்த்து, "நீதானே வேணாம்னே," என்றார். துளி கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கடலில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம் ஒரு பக்கம், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இந்த முகத்தைத் தினமும் எப்படிப் பார்ப்பேன் என்ற பயம் இன்னொரு பக்கம். நீ குடும்பம் நடத்தப் போகிறவன், அதனால் சொல்கிறேன். பெண்டாட்டி ஒரு காரியத்துக்குச் சட்டென்று சரி என்று சொல்லிவிட்டால், ஜெயித்துவிட்டோம் என்று தூங்கப் போகாதே. மறுநாள் அவள் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று பார்.

அந்த நாட்களில்தான், சீமைக்குத் திரும்பிப் போகிற ஒரு துரை வீட்டில் திரைச்சீலைகளை இறக்கித் தரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். நான் தைத்துக்கொடுத்த திரைகள்தான். கூடத்தில் ஒரு ஜன்னலில் கழி துருப்பிடித்து, வளையம் நகரவில்லை. கீழே நின்று துணியைப் பிடித்து இழுக்கிறேன், இன்னும் இறுகுகிறது. முக்காலியில் ஏறி, ஒரு கையால் கழியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வளையத்தைத் தள்ளினால்தான் வருகிறது. அப்படியே நின்றுவிட்டேன். அடப்பாவமே, அந்த மனுஷன் படுகிற பாடு இதுதானே! படகு, கடல், பாய் என்றதும் எனக்குப் புரியாத சமாச்சாரம் என்று ஒதுக்கிவைத்திருந்தேன். பார்த்தால், நிமிர்த்தி வைத்த ஒரு திரைச்சீலை. வளையம் கவ்வக்கூடாது, உருள வேண்டும். உருளுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். கொடி தைத்துத் தீர்ந்த காலி நூல்கட்டைகள் பிஸ்கட் டின் நிறைய இருந்தன. சுதந்திரத்தில் மற்றவர்களுக்குக் கிடைத்தது எப்படியோ, எனக்கு மிஞ்சியது அதுதான்.

நூல்கட்டையின் இரண்டு பக்கமும் விளிம்பு இருக்கும், அது உருளவிடாது. மாணிக்கம் அண்ணன் தன் வீட்டு வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து விளிம்புகளை எல்லாம் ரம்பத்தால் அறுத்துத் தேய்த்துக் கொடுத்தார். தண்ணீரில் ஊதிப்போகாமல் இருக்கக் கட்டைகளைத் தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டு எடுத்தேன். பாய்மரத்தைக் கழற்றிப் படுக்கவைத்து, என் டேப்பால் சுற்றளவு எடுத்தேன். நல்ல பருத்திக் கயிறாக வாங்கி, நூல்கட்டைகளை மணி மாதிரி கோத்து, பாய்மரத்தைச் சுற்றி வரும்படி ஒவ்வொரு வளையமாய்க் கட்டினேன். அடி மரம் பெருத்திருக்கும், அதற்குத் தகுந்த அளவு. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உடம்போடு ஒட்டிய ரவிக்கை மாதிரி அப்படிப் பொருந்தியது. "வாஹ், சாந்திக், தங்காச்சி! மாச்சாம் காலோங்!" என்றார் மாணிக்கம் அண்ணன். கழுத்து மாலை மாதிரி அழகாக இருக்கிறதாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா மட்டும் வளையத்தை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்தார். முகம் மாறியிருந்தது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த முகத்தைப் பார்க்கிறேன் போலிருந்தது.

"நான் இல்லாம இதைத் தண்ணியில எறக்கக்கூடாது," என்று சொல்லிவிட்டேன். புடவையை வரிந்து செருகிக்கொண்டு படகில் ஏறினேன். கரையில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த மலாய்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், சிரிக்கட்டும். பாய் ஏறியது பார், ஒரே சீராக, கடகடவென்று, வெண்ணெய் மாதிரி. அப்பா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொஞ்ச தூரம் போனோம். தண்ணீர் தெறித்துத் தெறித்து நான், பாய், மரம் எல்லாம் நனைந்தது. சுமத்ரா பக்கம் வானம் கறுத்தது.

"எறக்கிடுங்க," என்றேன்.

கயிற்றை விட்டார். பாய் கொஞ்சம் இறங்கி, நின்றது. ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. காற்று வந்து விழுந்து படகு ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது.

"மரத்துக்கிட்ட போ! புடிச்சு இழு!" என்று கத்தினார். சுக்கானை விட்டால் படகு கவிழும், அவரால் எழுந்து வர முடியாது. நான் தவழ்ந்து போய்ப் பாயைப் பிடித்துத் தொங்கினேன். கயிறு மரத்தை நெரித்துக்கொண்டு நிற்கிறது, ஒரு கட்டைகூட உருளவில்லை. கத்தரிக்கோல் இல்லாமல் நான் வாசல் தாண்டமாட்டேன் என்று உனக்குத் தெரியும். இடுப்பிலிருந்து எடுத்து, எட்டிய வளையத்தை அறுத்தேன், அடுத்ததை அறுத்தேன். தப்பாய்த் தைத்ததைப் பிரிக்கிறோமே, அதே மாதிரிதான். கட்டைகள் சிதறிப் பாதி படகிலும் பாதி கடலிலும் விழுந்தன. மேலே மிஞ்சியிருந்தது பாரம் தாங்காமல் பிய்த்துக்கொண்டு, பாய் முழுவதும் என் தலைமேல் வந்து விழுந்தது. ஈரப் பாய்க்கு அடியில் ஒன்றும் தெரியவில்லை. அப்பாவின் குரல் மட்டும் கேட்டது.

"உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்! உங்களைக் கொல்லுறதுக்குத்தான் இருக்கேன்!"

சிரித்தார் பார், அப்படி ஒரு சிரிப்பு. மழை கொட்டுகிறது, படகு ஆடுகிறது, இந்த மனுஷன் வயிறு குலுங்கச் சிரிக்கிறார். நான் துடுப்புப் போட, அவர் சுக்கான் பிடிக்க, எப்படியோ கரை சேர்ந்தோம். மணலில் உட்கார்ந்து, மிஞ்சிய வளையம் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குச் சட்டைத்துணி எடுத்தா மொதல்ல என்ன பண்ணுவே?" என்றார். "வாளியில ஊறப்போட்டுக் காயவச்சு அப்புறம்தான் வெட்டுவேன்." "இந்தக் கயிறை ஊறப்போட்டியா?"

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புதுத்துணியை நனைக்காமல் நான் கத்தரி வைத்ததில்லை. நனைந்தால் சுருங்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், கயிறும் பருத்திதான் என்பதை யோசிக்கவில்லை. கடலுக்குப் போகிற சாமானை உடம்பைப் பிடிக்கிற அளவில் தைத்துக்கொடுத்திருக்கிறேன். வாய்விட்டு அழுதேன். அவர் செத்திருப்பார் என்பதற்காக அழுதேனா, என் தையல் தோற்றது என்பதற்காக அழுதேனா, இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. "அழுவாத லா," என்றார். "ஏறுறது நல்லா ஏறுது. எறங்குறதுக்கு மட்டும் தையி."

அடுத்த தடவை புதுக் கயிற்றை நன்றாக ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவைத்தேன். அடி மரத்தில் வளையத்துக்கும் மரத்துக்கும் நடுவே என் விரல் தாராளமாய் நுழைகிற அளவுக்கு இடம் விட்டேன். பார்க்க லட்சணமாக இல்லை, தொளதொளவென்று தொங்கியது. மாணிக்கம் அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். கரையிலேயே வைத்து, வாளி வாளியாய் உப்புத் தண்ணீர் ஊற்றி, ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, கை ஓயும்வரை பார்த்தோம். கயிற்றை விட்டால் போதும், பாய் தன் பாரத்திலேயே கடகடவென்று வந்து மடிந்துவிட்டது. அவர் சுக்கானைக் காலால் அணைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் கயிற்றை விடுவார், பாய் கீழே இருக்கும். அன்றிலிருந்து எத்தனை காற்று வந்து போயிற்று. பாய் மாட்டிக்கொண்டது என்று ஒரு நாளும் அவர் வந்து சொன்னதில்லை. எனக்குப் பயம் விட்டுப்போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்கும்வரை நான் ஊசியில் நூல் கோக்கமாட்டேன், கோக்க வராது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து நூல் வெட்டிய அந்த மனுஷனைவிட, இந்தப் பயத்தோடு இருப்பது எனக்கு மேல்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். படித்துவிட்டு மெஷின் மேல் வைத்துவிட்டு, குழம்பை இறக்கப் போனேன். திரும்பி வந்தபோது கடிதம் அங்கேயே இருந்தது, மடிப்புதான் வேறு மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கிளேபாங் போனார், ஆனால் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட்டார். கையில் அந்தப் பழைய பிஸ்கட் டின். உள்ளே நூல்கட்டை வளையங்கள் எல்லாம் இருந்தன, ஒன்று விடாமல் அறுத்து எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"என்னங்க இது?"

"படகை வாங்குறவனுக்கு இது எதுக்கு? அவனுக்கு ரெண்டு கை இருக்கும். நீ வச்சுக்க, நூல் சுத்தலாம்."

"விக்கிறதுன்னு யாரு சொன்னா?"

"பையன் சோறு எறங்கலைன்னு எழுதியிருக்கானே," என்றார்.

பிறகு நாற்காலியை இழுத்து மெஷினுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ரவிக்கையில் தொங்கிய நூலை வெட்டினார்.

நான் சொன்னால் அப்பா கேட்கமாட்டார் என்று எழுதினாய் அல்லவா, உனக்கு உன் அப்பாவைத் தெரியவில்லை, தம்பி. நீ இன்னும் அவரிடம் கேட்கக்கூட இல்லை, அதற்குள் அவர் சரி என்றுவிட்டார். சைக்கிளுக்கு மாட்டேன் என்றவர் இதற்கு மாட்டேன் என்று சொல்லமாட்டார். அதனால்தான் கேட்காதே என்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்கூட்டியே வருகிறோம், எல்லா வேலையும் முடித்துக்கொடுத்துவிட்டு, மருமகள் கையால் சாப்பிட்டுவிட்டு, ஊர் திரும்பிவிடுவோம். என்றைக்காவது எங்களால் முடியாமல் போனால் நானே எழுதுகிறேன். அப்போது நீ வந்து கூட்டிக்கொண்டு போ. இப்போது புதுக் கயிறு வாங்கி வாளியில் ஊறப்போட்டிருக்கிறேன். காய்ந்ததும் கோத்துவிடுவேன், அது என் வேலை. ஆனால் நான் கோத்துக் கொடுத்தால் மட்டும் அவர் கொண்டுபோய்க் கட்டமாட்டார். படகு இருக்கட்டும் என்று நீ ஒரு வரி எழுத வேண்டும். எனக்கு எழுதாதே, உறையில் அப்பா பேரைப் போட்டு எழுது.

அம்மா